டிசம்பர் 6-ஐ நினைக்கும் நாம் டிசம்பர் 7-ஐ மறக்கலாமா?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6 எப்படிக் கடக்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1992-ல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதை நினைவுபடுத்தி மாவட்டத் தலைநகரங்களில் நம் இயக்கங்கள் ஆர்ப்பாட்டம் நடத்துகின்றன. ரயில் நிலையங்களிலும் பெரிய கோயில்களின் வாசல்களிலும் போலீஸ் சோதனை கூடுகிறது. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் இதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிவிட்டன. 2025 டிசம்பர் 3-ல் மலையுச்சியில் ஏற்றிய மகாதீபம் எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த நாள் வந்தது, சென்றது.

அதற்கு மறுநாள் டிசம்பர் 7. அது படைவீரர் கொடிநாள். மாவட்ட ஆட்சியர் உண்டியலில் பணம் போட்டு நிதி வசூலைத் தொடங்கி வைப்பார். முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் தேநீர் விருந்து நடக்கும். சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னக் கொடி தருவார்கள். நம் மஹல்லாக்களில் இந்த நாள் பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடுகிறது. ஜும்ஆ பயானிலும் அது பேசுபொருளாவது அரிது.

நீதி கேட்கும் நாளை நாம் மறக்காமல் இருப்பது சரிதான், அது நம் உரிமை. நாட்டைக் காக்கப் போய் உயிரையும் உறுப்பையும் இழந்தவர்களை நினைப்பதோ நம் மீதுள்ள கடன். அந்தக் கடனை நாம் எப்படித் தீர்க்கிறோம், அரசு எப்படித் தீர்க்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கொடிநாள் வந்த கதை

சுதந்திரத்திற்குப் பிறகு, 1949 ஆகஸ்ட் 28-ல் பாதுகாப்புத் துறை அமைச்சரின் கீழ் இயங்கிய குழு ஒன்று, ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஐக் கொடிநாளாகக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்கள் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றையும் குறிக்கும். வசூலாகும் நிதி போரில் ஊனமுற்றோர், உயிரிழந்தோரின் குடும்பங்கள், ஓய்வுபெற்ற வீரர்கள் ஆகியோரின் நலனுக்குச் செல்கிறது.

இது தவிர ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் அந்த நாளில்தான் ஓய்வுபெற்றார். தமிழ்நாட்டில் அது போகி, பொங்கல் பரபரப்பில் மறைந்துவிடுகிறது. ஜூலை 26 கார்கில் நினைவு நாள். 1971 போரின் நினைவாக டிசம்பர் 16. நாட்காட்டியில் நாட்களுக்குக் குறைவில்லை. அந்த நாளுக்கு மறுநாள் அந்தக் குடும்பத்தை யார் நினைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி நம் பகுதிக்கு அந்நியமானது அல்ல. 1989-ல் பிரிக்கப்படும் வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். படைக்கு ஆள் அனுப்புவதில் பெயர் பெற்ற மாவட்டம் அது. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை மக்கள் ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைப்பார்கள். 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சின் பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்து வீரர்கள் புதைந்தபோது அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். ஒருவர் வேலூர் மாவட்டத்துக்காரர்.

பெயரில்லாமல் போனவர்கள்

கிரிவலம் வரும் கூட்டத்தை இன்று பார்க்கும் எவருக்கும் இந்த ஊர் ஒரு போர்க்களம் என்று தோன்றாது. 1767 செப்டம்பரில் ஒரு பக்கம் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும், மறுபக்கம் ஜோசப் ஸ்மித் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் மோதின. இரு பக்கமும் இந்த மண்ணின் மைந்தர்கள் இருந்தார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் இரு பக்கமும் நின்றார்கள். தளபதிகளின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. விழுந்த சிப்பாய்களின் பெயர் எங்கும் இல்லை.

முதல் உலகப் போருக்கு வந்தாலும் இதே கதைதான். 1914 முதல் 1918 வரை பத்து லட்சத்திற்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து சென்றார்கள். சுமார் 74,000 பேர் திரும்பி வரவில்லை. போர் முடிந்த பின் பழைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் ஆங்கில அரசு சிறிய கல்வெட்டுகளைப் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்ற அளவில் அவற்றின் வாசகம் முடிந்துவிடும். எண்ணிக்கை மட்டும்தான். பெற்ற தாய்க்கு மகன் ஓர் எண்ணிக்கையா?

போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்க 1917-ல் தொடங்கப்பட்ட ஆணையம் இன்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என்ற பெயரில் இயங்குகிறது. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் சமமாக நினைவுகூர்வோம் என்பது அதன் கொள்கை. அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை வேறொன்றைச் சொன்னது. முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்காக இறந்த ஆப்பிரிக்க, இந்திய, அரபு நாட்டினரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். மேலும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் பொறித்த நினைவுச் சின்னமே இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

அந்தப் போரில் முஸ்லிம் சிப்பாய்களுக்கு இன்னொரு வேதனையும் இருந்தது. மெசபடோமியாவில் உஸ்மானிய கலீஃபாவின் படைக்கு எதிராகவே அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். இங்கிலாந்தில் இறந்த முஸ்லிம் வீரர்கள் மார்க்க முறைப்படி அடக்கப்படுவதில்லை என்று ஜெர்மனி பிரச்சாரம் செய்தது. அதற்குப் பதில் சொல்லவே வோக்கிங் நகரில் ஷாஜஹான் மஸ்ஜித் அருகே குவிமாடம் வைத்த ஒரு கப்ரஸ்தானை ஆங்கில அரசு கட்டியது. அங்கே அடங்கியிருந்தவர்களின் உடல்கள் 1968-ல் புரூக்வுட் கப்ரஸ்தானுக்கு மாற்றப்பட்டன. பழைய இடம் 2015-ல் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அரசுக்குத் தேவை இருந்தபோது கண்ணியம் கிடைத்தது. தேவை இல்லாத இடத்தில் எண்ணிக்கையோடு முடிந்தது.

வேலூர் சொல்லும் பாடம்

நமக்கு வடக்கே இருக்கும் வேலூரில், மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 10-ல் அங்கே மலர்வளையம் வைக்கப்படுகிறது. 1806-ல் அந்த நாள் அதிகாலையில் கோட்டைக்குள் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராக எழுந்தார்கள்.

காரணம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. புதிய உடைக் கட்டளையின்படி முஸ்லிம் சிப்பாய் தாடியை எடுக்க வேண்டும், இந்துச் சிப்பாய் நெற்றிக் குறியை அழிக்க வேண்டும், காதணியைக் கழற்ற வேண்டும். தோல் சேர்த்த புதிய தலைப்பாகையை எல்லோரும் அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. திப்பு சுல்தானின் மக்கள் அதே கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தார்கள். ஷேக் காசிம் போன்ற முஸ்லிம் அதிகாரிகள் முன்னின்ற அந்த எழுச்சியில் இந்துச் சிப்பாய்களும் தோளோடு தோள் நின்றார்கள். அன்றே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்தார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

1998-ல்தான் அவர்களுக்கு அந்தத் தூண் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அவர்கள் ‘கலகக்காரர்கள்’ என்றே எழுதப்பட்டார்கள். 2006-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. நேற்றுவரை துரோகி என்று எழுதப்பட்டவர் இன்று தியாகி ஆகிறார். இன்று தியாகி என்று கொண்டாடப்படுபவரின் வாரிசு நாளை சந்தேகத்திற்கு உரியவராக்கப்படவும் கூடும். நினைவு என்பது ஆட்சியாளர்களின் கையில் மட்டும் விடப்பட்டால் இதுதான் நடக்கும்.

பட்டியல் வாசித்தால் போதுமா?

நம் நாட்டுப்பற்றை யாராவது கேள்வி கேட்டால் நாம் உடனே ஒரு பட்டியலை எடுத்துவிடுகிறோம். பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் அதில் முதலில் இருப்பார். பிரிவினையின்போது பாகிஸ்தான் படைக்குப் போகும் வாய்ப்பை மறுத்தவர். நவ்ஷேராவைக் காத்தவர், ஜங்கரை மீட்டவர். 1948 ஜூலை 3-ல் பீரங்கிக் குண்டுக்கு உயிரிழந்தார். பிரதமர் நேரு கலந்துகொண்ட இறுதி ஊர்வலத்திற்குப் பிறகு டெல்லி ஜாமியா மில்லியாவில் அடக்கம் செய்யப்பட்டார். மகாவீர் சக்கரா பெற்றவர். அடுத்து ஹவில்தார் அப்துல் ஹமீத். 1965 செப்டம்பர் 10-ல் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாட்டன் டாங்குகளைத் தகர்த்து உயிர்நீத்தார். பரம்வீர் சக்கரா பெற்றவர்.

இவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் சாட்சியைக் கூப்பிடுவது போல இந்தப் பெயர்களை நாம் கூப்பிடுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. உஸ்மான் தன் உயிரைக் கொடுத்தது நமக்கு நற்சான்றிதழ் வாங்கித் தருவதற்காக அல்ல. இன்னொரு சமூகத்து வீரரின் பெயரைச் சொல்லும்போது அவருடைய சாதியையோ மதத்தையோ யாரும் நிரூபணமாகக் காட்டுவதில்லை. 1999-ல் பட்டாலிக்கில் உயிரிழந்த திருச்சி மேஜர் சரவணன் வீரர், அவ்வளவுதான். உஸ்மானும் அப்துல் ஹமீதும் அப்படியே நினைவுகூரப்பட வேண்டும்.

அந்தச் சான்றிதழ் வேலை செய்வதும் இல்லை. அஸ்ஸாமைச் சேர்ந்த முஹம்மது சனாவுல்லா முப்பது ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். 2019 மே மாதம் வெளிநாட்டவர் தீர்ப்பாயம் அவரை வெளிநாட்டவர் என்று அறிவித்தது. அவர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். குவாஹாட்டி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகே ஜூன் மாதம் வெளியே வந்தார். எல்லையைக் காத்தவர் எல்லைக்கு அப்பாற்பட்டவர் ஆனது ஒரு காகிதத்தால்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்கமளித்தவர்களில் ஒருவர் கர்னல் சோஃபியா குரேஷி. நாடே பெருமையோடு பார்த்தது. சில நாட்களில் மத்தியப் பிரதேச அமைச்சர் விஜய் ஷா அவரைப் பயங்கரவாதிகளோடு உறவுபடுத்தும் விதமாக மேடையில் பேசினார். மே 14-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதியச் சொன்னது. அமைச்சரின் மன்னிப்பை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் அப்துல் ஹமீதின் சொந்த ஊரான தாமுபூரில், அவர் பெயரைத் தாங்கிய பள்ளியின் சுவரிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. குடும்பத்தினர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு மீண்டும் எழுதப்பட்டது.

நீதிமன்றம் தலையிட்டது, பெயர் திரும்ப வந்தது என்பதில் நமக்கு ஆறுதல் உண்டு. சட்டத்தின் வழி இன்னும் திறந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் ஒரு வீரரின் குடும்பம் ஒவ்வொரு முறையும் போராடித்தான் கண்ணியத்தைப் பெற வேண்டும் என்றால், டிசம்பர் 7-ல் குத்தும் கொடிக்கு என்ன பொருள்?

நபிவழியில் நினைவுகூர்தல்

இந்த இடத்தில் மார்க்கம் என்ன வழி காட்டுகிறது என்று பார்ப்போம். மௌனமாக நிற்பது, மலர்வளையம் வைப்பது பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. அந்த விவாதத்தில் நாம் இப்போது நுழையவில்லை. அதைவிட முதன்மையான ஒன்று ஸீராவில் தெளிவாக இருக்கிறது.

ஹிஜ்ரி 8-ல் மூத்தா போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) ஷஹீதானார்கள். செய்தி கிடைத்ததும் நபி (ஸல்) அவர்கள் அவருடைய வீட்டுக்குச் சென்றார்கள். பிள்ளைகளை அழைத்து அணைத்துக்கொண்டார்கள், கண் கலங்கினார்கள். ஜஅஃபரின் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி தம் வீட்டாரிடம் சொன்னார்கள். பிள்ளைகளின் கதி என்னாகுமோ என்று அவர்களின் தாய் அஸ்மா (ரலி) கலங்கியபோது, அவர்களுக்குத் தாமே பொறுப்பாளர் என்று ஆறுதல் சொன்னார்கள். துக்க வீட்டில் அடுப்பெரியாது என்பதை முதலில் நினைத்தவர்கள் நபிகளார்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒன்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. கடைவீதியில் ஓர் இளம்பெண் அவர்களை நிறுத்தினார். கணவர் இறந்துவிட்டார், சிறு பிள்ளைகளுக்கு ஆகாரமில்லை என்றார். தாம் ஃகுஃபாஃப் இப்னு ஈமா அல்கிஃபாரியின் மகள் என்றும், தம் தந்தை ஹுதைபியாவில் நபிகளாருடன் இருந்தவர் என்றும் சொன்னார். உமர் (ரலி) நகரவில்லை. வலுவான ஓர் ஒட்டகத்தில் இரண்டு மூட்டை உணவும் துணியும் பணமும் ஏற்றி, கயிற்றை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்கள். அளவுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டார். இவருடைய தந்தையும் சகோதரரும் ஒரு கோட்டையை முற்றுகையிட்டு வென்றதைத் தாம் பார்த்ததாகவும், அதன் பலனைத்தான் மற்றவர்கள் அனுபவிப்பதாகவும் உமர் (ரலி) பதில் சொன்னார்கள்.

அந்தப் பெண் மனு எழுதவில்லை. அலுவலகம் அலுவலகமாக அலையவில்லை. தந்தையின் பெயரைச் சொன்னார், போதுமானதாக இருந்தது. கொடுப்பவர் அதைத் தர்மம் என்று நினைக்கவில்லை, பாக்கி என்று நினைத்தார். ஒரு நாட்டின் நினைவேந்தலை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதிரியைச் சந்திக்க ஆசைப்படாதீர்கள், அல்லாஹ்விடம் நலத்தைக் கேளுங்கள் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. வீரர்களை மதிப்பது வேறு, தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து போர் கேட்பது வேறு. போரின் விலையைக் கொடுப்பது எல்லையில் நிற்கும் பையனும் ஊரில் இருக்கும் அவன் தாயும்தான்.

அரசு பதில் சொல்ல வேண்டியவை

இந்த அளவுகோலில் இன்று பெரிதாக நிற்பது அக்னிபத் திட்டம். 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் சேரும் இளைஞர்களின் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அவர்களில் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு தொகை கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பணியில் இறந்தால் காப்பீடும் கருணைத் தொகையும் உண்டு, ஆனால் மற்ற வீரர்களின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. முதல் அணியினர் நான்கு ஆண்டுகளை முடிப்பது 2026 இறுதியில்.

ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டுக்கு இருவர் இறந்தால், ஒருவரின் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம், இன்னொருவருக்கு இல்லை. ராணுவத்தை இளமையாக வைத்திருக்கவே இத்திட்டம் என்று அரசு சொல்கிறது. அந்த நோக்கம் சரியாகவே இருக்கட்டும். இறந்தவர்களுக்கிடையே வேறுபாடு காட்டுவதற்கு அது காரணமாகுமா? போர்க் கல்லறைகள் ஆணையம் மன்னிப்புக் கேட்க நூறு ஆண்டுகள் ஆயின. நம் நாடு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

மஹல்லா செய்யக்கூடியவை

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் எல்லையில் உள்ள முன்னாள் படைவீரர்கள், அவர்களின் மனைவியர் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதலாம். பலருக்கு அரசு தரும் கல்வி உதவியும் திருமண உதவியும் மருத்துவ வசதியும் இருப்பது தெரியாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்ல விவரம் தெரிந்த ஓர் இளைஞர் போதும்.

ராணுவ ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ இணையதளம் வழியாக வருகிறது. ஆண்டுக்கொரு முறை மின்னணு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். விரல்ரேகை தேய்ந்துபோன பாட்டிக்கு, கைப்பேசியில் வரும் எண்ணைப் படிக்கத் தெரியாத தாய்க்கு இது பெரிய சோதனை. மதரஸா மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் மாதம் ஒரு நாள் பள்ளிவாசல் வளாகத்தில் இதற்கென உட்காரலாம். மஹல்லாவின் இந்து, கிறிஸ்தவ முன்னாள் வீரர்களும் அங்கே வரலாம். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிகளார் கற்றுக்கொடுத்த பாடம்.

கணவரை இழந்த பெண் இத்தாவில் இருப்பதால் ஓய்வூதியக் காகிதங்கள் மாதக்கணக்கில் தேங்கிவிடுவது உண்டு. அவசியத் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வர மார்க்கத்தில் இடமுண்டு. உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு வேலையை முடிக்க வேண்டும். அறியாமையால் அவருடைய உரிமை போய்விடக் கூடாது.

கொடிநாள் நிதிக்கும் தாராளமாகக் கொடுப்போம். அது பொது நிதி என்பதால் ஜகாத் கணக்கில் சேர்க்காமல் ஸதகாவாகக் கொடுப்பதே பேணுதல். அதேபோல, ஓய்வூதியம் வருகிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு விதவைக்கு ஜகாத் கிடையாது என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவருடைய கடனையும் கையிருப்பையும் விசாரித்து முடிவு செய்வதே முறை.

டிசம்பர் 6-ல் நாம் கேட்கும் நீதிக்கும் டிசம்பர் 7-ல் செலுத்தும் நன்றிக்கும் முரண்பாடு இல்லை. இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர்தான் இந்த மண்ணின் குடிமகன். நம் ஊர் எல்லையில் ஒரு வீரரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மேடையில் அவர் பெயரைச் சொல்வோம்.

நாட்டைக் காக்கச் சென்று உயிர்நீத்த நம் சகோதரர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து அவர்களின் அந்தஸ்தை உயர்த்துவானாக! இழந்து தவிக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் பொறுமையையும் நிறைவான வாழ்வாதாரத்தையும் தருவானாக! நம் நாட்டில் அமைதியையும் நீதியையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.